மஞ்சள், நானோ துகள், கல்லீரல் புற்றுநோய்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கம் இந்த விஷயத்தைக் கேட்பவர்கள் இரண்டு வகை. காரைக்குடியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் எம்.எஸ்ஸி., எம்.ஃபார்ம் படித்துக்கொண்டு ‘மூலிகை, நானோ, ஹெப்-ஜி2’ (ஹெப்-ஜி2 என்பது ஆய்வகத்தில் வளர்க்கும் கல்லீரல் புற்றுச் செல்) என்று ப்ராஜெக்ட் தலைப்பு வாங்கி வந்த பிள்ளைகள் ஒரு வகை. வீட்டில் ஒருவருக்கு ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, இரவெல்லாம் போனில் தேடி ‘நானோ மஞ்சள்’ விளம்பரத்தில் வந்து நிற்கும் குடும்பத்தார் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறோம். குடும்பத்தார் ஆய்வகப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிள்ளைகள் கடைசிவரை படிக்க வேண்டும். வைவாவில் கேட்கும் கேள்விகளில் பாதி பின்பகுதியில்தான் இருக்கிறது.

இங்கே கல்லீரல் புற்றுநோய் என்றால் கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்று. குடலிலோ மார்பகத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

மஞ்சளைத்தான் தினமும் குழம்பில் போடுகிறோமே, அதற்கு மேல் நானோ எதற்கு?

மஞ்சளுக்கு நிறமும் மருந்துக் குணமும் தரும் பொருள் குர்குமின். மஞ்சள்தூளில் அது 2 முதல் 5 சதவீதம்தான். அந்தக் குர்குமினைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தாலும் உடம்பில் நிற்பதில்லை. 2001-ல் தைவானிலிருந்து வந்த ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களுக்குக்கூட ரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலரைத் (செறிவைச் சொல்லும் அலகு) தொடவில்லை. ஆய்வகத் தட்டில் கல்லீரல் புற்றுச் செல்களில் பாதியைக் கொல்வதற்கு 10 முதல் 40 மைக்ரோமோலர் கேட்பது வழக்கம். 8 கிராம் குர்குமின் என்றால், 3 சதவீதக் கணக்கில் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள். எந்த ஆச்சியின் கைப்பக்குவத்திலும் அது ஒரு நாள் சமையலுக்குள் அடங்காது.

தடை மூன்று இடத்தில். முதலில் அது தண்ணீரில் கரையாது. கரைந்த கொஞ்சமும் குடலிலும் ரத்தத்திலும் சீக்கிரம் சிதைகிறது. மிஞ்சியதைக் கல்லீரலே குளுகுரோனைடு, சல்பேட் என்ற வேதிக் குழுக்களை ஒட்டி வெளியே தள்ளிவிடுகிறது.

முதல் தடையை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர், இன்னொன்றில் சூடான நல்லெண்ணெய் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் தூள் அடியில் படிந்துவிடும், மேலே வெளிறிய மஞ்சள். எண்ணெயில் தூள் படிந்த பிறகும் மேலே தெளிவாக ஆழ்ந்த பொன்னிறம் நிற்கும். அந்தப் பொன்னிறம்தான் கரைந்த குர்குமின். நானோ துகள் என்பது அந்த எண்ணெய்த் துளியை ரத்தக் குழாயில் ஓடும் அளவுக்குச் சின்னதாக்கிய மாதிரி.

உடம்பில் சிதைகிறது என்கிறீர்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது. காரத்தன்மை ஏறும்போது குர்குமின் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடுகிறது. அதுதான் அந்தச் சிவப்பு. அந்த நிலையில் கரைந்திருக்கும் குர்குமின் வெகுநேரம் தாங்காது. ஃபெருலிக் அமிலம், வனிலின் என்று உடைந்து நிறம் மங்கும்.

ரத்தம் சுண்ணாம்புத் தண்ணீர் இல்லை, பி.எச். 7.4தான். ஆனாலும் 37 டிகிரியில், பி.எச். 7.2 உள்ள பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்ததை 1997-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சீரம் புரதம் இருந்தால் சிதைவு மெதுவாகும். அமிலப் பக்கம் குர்குமின் நன்றாகவே நிற்கும். ஆய்வகத்தில் ஸ்டாக் கரைசலைத் தண்ணீரிலோ பஃபரிலோ வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். எத்தனாலிலோ டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானிலோ கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20-ல் வையுங்கள். வெளிச்சமும் அதற்கு ஆகாது.

மிளகு சேர்த்தால் 20 மடங்கு உறிஞ்சும் என்கிறார்களே?

1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டது: 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனிதர்களில் கிடைப்புத்திறன் (ரத்தத்துக்குப் போய்ச் சேரும் பங்கு) 20 மடங்கு ஏறியது. உண்மைதான். ஆனால் தனிக் குர்குமினின் அளவு அளக்க முடியாத அளவுக்குத் தாழ்வு. ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். குடலும் கல்லீரலும் மருந்துகளைக் கழித்துக்கட்டும் வேலையை பிப்பரின் தடுக்கிறது. அந்த வேலை குர்குமினுக்கு மட்டும் நடப்பதில்லை. கல்லீரல் புற்றுக்குத் தரும் சோராஃபெனிப், மாற்றுக் கல்லீரல் பொருத்தியவர் விழுங்கும் டாக்ரோலிமஸ் எல்லாம் அதே வழியில்தான் கழிகின்றன. வழியை அடைத்தால் அவையும் ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டு மிளகை நிறுத்துங்கள் என்று இங்கே சொல்லவில்லை. பிப்பரினைத் தினமும் கேப்சூலாக, மருந்தோடு சேர்த்து விழுங்குவதுதான் கவலை.

மஞ்சள் தவிர வேறு எந்தச் செடிகளை இந்த வேலைக்கு எடுக்கிறார்கள்?

நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, மரமஞ்சளின் பெர்பெரின், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன், கொடிவேலியின் பிளம்பாஜின், நம் ஊரில் விளையாத பால் நெருஞ்சிலின் சிலிபினின், வெங்காயத்தின் குவெர்செடின். ஒவ்வொன்றின் தொல்லையும் வேறு. பெர்பெரின் உப்பாகக் கிடைக்கும், ஓரளவு கரையும், ஆனால் குடல் சுவரே அதை வெளியே தள்ளும். பிளம்பாஜினுக்கு நச்சுத்தன்மை அதிகம். அங்கே நானோ தேவைப்படுவது கரைப்பதற்கு மட்டும் இல்லை, மற்ற உறுப்புகளைக் காப்பதற்கும்தான். ‘மூலிகை எல்லாம் கரையாது, ஆகவே நானோ’ என்று முன்னுரையில் ஒரே வரியாக எழுதினால் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

கீழாநெல்லிக்கும் ஈரலுக்கும் நெருக்கம் உண்டே?

உண்டு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்கோடு சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் உடம்பில் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எந்த இனச் செடி, எந்த மண், எந்தப் பருவம், எப்படிக் காய்ச்சியது என்று காரணம் தேடினார்கள், ஒன்றும் உறுதிப்படவில்லை. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வீட்டில் அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் கட்டிக்கு அது மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ரத்தத்தில் போட்ட துகள் தானாகவே கல்லீரலுக்குத்தான் போகும் என்கிறார்களே, அப்புறம் என்ன கஷ்டம்?

கல்லீரலுக்குப் போகும், ஆனால் போய்ச் சேர்வது தப்பான வீட்டுக்கு. கல்லீரலின் ரத்தப் பாதையில் குப்ஃபர் செல்கள் காவல் இருக்கின்றன. ரத்தத்தில் வரும் அந்நியத் துகளை விழுங்குவதே அவற்றின் வேலை. ஊசியில் ஏற்றிய துகளில் பெரும்பங்கு அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். கட்டி இருப்பது பக்கத்து வளவில். துகள் முகப்பிலேயே மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, நல்ல கல்லீரலின் ரத்தப் பாதைச் சுவரில் சுமார் 100 முதல் 150 நானோமீட்டர் சாளரங்கள் உண்டு. துகள் அவற்றின் வழியே நுழைந்து கல்லீரல் செல்லைத் தொடலாம். ஆனால் கல்லீரல் புற்றில் பெரும்பாலானவை வருவது சிரோசிஸ் (தழும்பேறி இறுகிய நிலை) ஆன ஈரலில். அங்கே சாளரங்கள் அடைபட்டு, நடுவே நார்த்திசு படர்ந்திருக்கும். நல்ல எலியின் தொடையில் கட்டி வளர்த்து அதில் மருந்து சேர்ந்தது என்று காட்டும் ஆய்வுகள் இதைத் தொடுவதே இல்லை.

2016-ல் அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். எல்லாவகைக் கட்டிகளையும் சேர்த்து, ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். நூறு ரூபாய் கொடுத்தனுப்பி எழுபது காசு போய்ச் சேர்ந்த கதை.

இதற்காகத்தான் துகளின் மேல் முகவரி ஒட்டுகிறார்கள். கல்லீரல் செல்லின் மேல் கேலக்டோஸைப் பிடிக்கும் ஏற்பி உண்டு. அதற்காகத் துகளில் கேலக்டோஸோ லாக்டோபயானிக் அமிலமோ இணைப்பார்கள். அதிமதுரத்திலிருந்து வரும் கிளிசிரெட்டினிக் அமிலமும் இதற்குப் பயன்படும். சிக்கல் என்னவென்றால், கேலக்டோஸ் ஏற்பி நல்ல செல்லிலும் இருக்கிறது. முற்றிய, உருக்குலைந்த புற்றுச் செல்லில் அது குறைந்தே போகலாம். புற்றுச் செல்லில் அதிகமாகவும் நல்ல செல்லில் அரிதாகவும் இருக்கும் கிளிபிகன்-3 என்ற புரதம் இதைவிட நல்ல முகவரி, ஆனால் அதைப் பிடிக்க ஆன்டிபாடியோ பெப்டைடோ வேண்டும், செலவு ஏறும்.

பி.எல்.ஜி.ஏ. குர்குமின் துகளை மாணவர் அளவில் எப்படிச் செய்வது?

பி.எல்.ஜி.ஏ. என்பது உடம்பில் தானாகச் சிதையும் பாலிமர். எளிய முறை நானோ வீழ்படிவு. 50:50 பி.எல்.ஜி.ஏ. 50 மில்லிகிராம், குர்குமின் 5 மில்லிகிராம், இரண்டையும் 5 மில்லி அசிட்டோனில் முழுக்கக் கரையுங்கள். 20 மில்லி வடிநீரில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பி.வி.ஏ. அல்லது போலோக்ஸமர் 188-ஐ 1 சதவீதம் கரைத்துக் காந்தக் கலக்கியில் 500 முதல் 600 சுற்றில் வையுங்கள். பி.வி.ஏ. சூட்டில்தான் கரையும், கரைந்தபின் ஆறவைத்து 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். இனி அசிட்டோன் கரைசலை 26 எண் ஊசியால், நிமிடத்துக்கு 1 மில்லி என்று, ஊசிமுனை தண்ணீருக்குள் இருக்கும்படி விடுங்கள். விட்டவுடன் நீலச் சாயலோடு பால் மஞ்சளாகக் கலங்க வேண்டும். திறந்த பாத்திரத்தில், புகைக்கூண்டுக்குள், மூன்று நான்கு மணி நேரம் கலக்கினால் அசிட்டோன் போய்விடும்.

அடுத்து மெதுவான சுழற்சி: 2,000 முதல் 3,000 சுற்றில் 10 நிமிடம். அடியில் படியும் அழுத்தமான மஞ்சள் தூளை வீசிவிட்டு, மேலே உள்ள கலங்கலை மட்டும் எடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது. அந்தக் கலங்கலை 4 டிகிரியில் சுமார் 13,000 ஜி விசையில் 30 நிமிடம் சுழற்றி, வடிநீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். டிரெஹலோஸ் என்ற சர்க்கரையை 5 சதவீதம் சேர்த்து மைனஸ் 80-ல் உறையவைத்து 48 மணி நேரம் உறைஉலர்த்துங்கள். எடைக் கணக்குக்காக ஒரு சிறு பங்கை டிரெஹலோஸ் இல்லாமல் தனியே உலர்த்திக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் ‘12,000 ஆர்.பி.எம்.’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதே 12,000 சுற்று 8 செ.மீ. ரோட்டரில் சுமார் 12,900 ஜி, 6 செ.மீ. ரோட்டரில் 9,700-க்குக் கீழே. அடுத்த வருடம் வேறு கருவியில் செய்யும் பிள்ளைக்குத் துகள் அடியில் படியாது.

என்னென்ன தப்பும்?

பெரும்பாலும் சூடு. பி.எல்.ஜி.ஏ. சுமார் 45 முதல் 50 டிகிரியில் இளகும். ஈரம் ஏறினால் அதற்கு வெகு கீழேயே இளகும். காரைக்குடிச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் கழுவிய துகளை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், வருவதற்குள் பணியார மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது. எல்லாம் ஐஸில் இருக்க வேண்டும். பாலிமர் புட்டியை மைனஸ் 20-லிருந்து எடுத்தவுடன் திறக்கவும் கூடாது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து இறங்கும், பாலிமர் சேமிப்பிலேயே உடையத் தொடங்கும். அரை மணி நேரம் மூடியோடு வெளியே இருக்கட்டும்.

உறைஉலர்த்தியில் கரண்ட் போவது அடுத்த தொல்லை. வெற்றிடம் விழுந்து பனி உருகினால், பஞ்சு போல வரவேண்டிய பொடி கண்ணாடியில் பிசின் போல ஒட்டும். அந்தத் தொகுதியை அளக்காமல் ஒதுக்குங்கள். ‘இருந்தாலும் பார்ப்போம்’ என்று அளந்தவர்கள் அறிக்கையில் 900 நானோமீட்டர் எழுதியிருக்கிறார்கள்.

ஒளிச்சிதறலால் துகள் அளவைப் பார்க்கும் டி.எல்.எஸ். கருவியில் 150 முதல் 200 நானோமீட்டர், பி.டி.ஐ. (துகள் அளவுகள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று சொல்லும் எண்) 0.2-க்குக் கீழே வந்தால் நல்லது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைவிடச் சின்னதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று நீர்ப்போர்வையோடு அளக்கிறது, மற்றது உலர்ந்த உடம்பைப் பார்க்கிறது. இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை சதவீதம் உள்ளே போனது என்று எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலோர் கழுவிய நீரில் மிச்சமிருக்கும் குர்குமினை அளந்து கழிக்கிறார்கள். உதாரணத்துக்கு, போட்டது 5 மி.கி., நீரில் இருந்தது 1.1 மி.கி. என்றால் 3.9 உள்ளே, 78 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். இங்கேதான் ஏமாற்று. உள்ளே போகாத குர்குமின் தண்ணீரில் கரையாது என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். அது படிகமாகித் துகளோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும், நீரில் தெரியாது. அதனால்தான் மெதுவான முதல் சுழற்சி.

நேராகவும் அளங்கள். டிரெஹலோஸ் சேர்க்காத பொடி 2 மி.கி. எடுத்து அசிட்டோநைட்ரிலில் கரைத்து, 10 மில்லியாக்கி, அதை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து 425 நானோமீட்டரில் பாருங்கள். எத்தனாலில் குர்குமின், மில்லிக்கு 1 மைக்ரோகிராமுக்குச் சுமார் 0.16 உறிஞ்சும், நீங்கள் எந்தக் கரைப்பானில் அளக்கிறீர்களோ அதிலேயே 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை அளவுகோடு போட்டுக்கொள்ள வேண்டும். அளவீடு மில்லிக்கு 2.8 மைக்ரோகிராம் என்று வந்தால், 2 மி.கி. பொடியில் 0.14 மி.கி., அதாவது 7 சதவீதச் சுமை. மொத்தப் பொடி 41 மி.கி. என்றால் உள்ளே இருப்பது 2.9 மி.கி.தான். 3.9 என்று சொன்னதில் 1 மி.கி. எங்கே போனது? முதல் சுழற்சியில் வீசிய படிகம், குழாய்ச் சுவரில் ஒட்டியது, கழுவலில் கசிந்தது. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வித்தியாசத்தை மறைக்கும் அறிக்கையைவிட வித்தியாசத்தைச் சொல்லும் அறிக்கைக்கே மதிப்பு.

மருந்து வெளிவரும் வேகம் என் வரைபடத்தில் அழகாக மெதுவாக இருக்கிறது. சரிதானே?

கொஞ்சம் பொறுங்கள். டயாலிசிஸ் பைக்கு வெளியே வெறும் பஃபர் வைத்தீர்களா? அப்படியென்றால் குர்குமின் மெதுவாக வருவது துகளின் திறமை இல்லை, வெளியே கரைய இடமில்லாததுதான் காரணம். குர்குமினைக் கரைக்க உதவும் ட்வீன் 80-ஐ 0.5 சதவீதம் சேருங்கள். இன்னொரு பையில் அதே அளவு தனிக் குர்குமினைப் போட்டுக் கூடவே ஓட்டுங்கள். அதுவும் மெதுவாகவே வந்தால் உங்கள் வரைபடம் காட்டுவது பையின் வேகத்தை. 48 மணி முடிந்ததும் பைக்குள் மிச்சத்தையும் அளந்து கூட்டுங்கள். 100-க்கு வெகு கீழே நின்றால், வெளிவந்தது வெளியிலேயே சிதைந்திருக்கிறது.

ஹெப்-ஜி2 செல்லில் எம்.டி.டி. சோதனைக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

எம்.டி.டி. என்பது உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயம், அந்த ஊதாவை அளந்து எவ்வளவு செல் பிழைத்தது என்று பார்ப்பார்கள். முதலில், ஹெப்-ஜி2 குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமாவிலிருந்து வந்த செல் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களின் கல்லீரல் புற்று பற்றிப் பேச ஹூ-7 அல்லது ஹெப்-3பி கூட வேண்டும். ஹெப்-3பி-யில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபுத்துண்டு இருக்கிறது. நம் நாட்டு நோய்க்கு அது பொருத்தம்.

கட்டுப்பாடுகளில்தான் பாதி ஆய்வு விழுகிறது. குர்குமினுக்கும் மற்ற பாலிஃபீனால்களுக்கும் எம்.டி.டி. சாயத்தைச் செல் இல்லாமலேயே ஊதாவாக்கும் குணம் உண்டு. செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஆகவே செல் இல்லாத குழியில் மருந்தும் எம்.டி.டி.யும் மட்டும் போட்டு ஒரு வரிசை. சாயம் சேர்க்கும் முன் மருந்தைக் கழுவி எடுப்பது கட்டாயம்.

வெற்றுத் துகளும் சம எடையில் வேண்டும். 20 மைக்ரோமோலர் குர்குமின் என்றால் மில்லிக்கு 7.4 மைக்ரோகிராம், 7 சதவீதச் சுமையில் அதற்குப் பொடி 105 மைக்ரோகிராம், வெற்றுத் துகள் 98. அதைப் போடாமல் 10 மைக்ரோகிராம் வெற்றுத் துகள் போட்டு ‘பாதுகாப்பானது’ என்று எழுதுவது செல்லாது. டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

தடுக்கி விழும் இன்னொரு இடம்: குர்குமின் பச்சையாக ஒளிரும். அன்னெக்ஸின்-ஃபிட்சி (அப்போப்டோசிஸில், அதாவது தானாகச் சாகும் செல்லில், ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சாயம்) போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் அந்தப் பச்சையும் சேர்ந்து ‘அப்போப்டோசிஸ் 80 சதவீதம்’ என்று வரும். சிவப்பில் ஒளிரும் ஏ.பி.சி. சாயம் ஒட்டிய அன்னெக்ஸின் வாங்குங்கள். இல்லை, சாயமே போடாத குர்குமின் செல்லை ஓட்டி அந்தப் பச்சையைக் கழியுங்கள். அதே ஒளிர்வை நுண்ணோக்கியில் பார்த்து ‘துகள் செல்லுக்குள் போய்விட்டது’ என்றும் எழுத முடியாது. உள்ளே தெரிவது துகளை விட்டுக் கசிந்த குர்குமினாகவும் இருக்கலாம்.

இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்தேன், புற்றுச் செல் செத்தது. இதுவும் இதே வகைதானே?

இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மிக அதிகமாக நடக்கும் குழப்பம் இது. இலைச் சாறு அங்கே வெள்ளி அயனியை வெள்ளியாக்கும் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். செல்லைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளி. செடியின் மருந்துப் பொருள் எவ்வளவு துகளின் மேல் ஒட்டியிருக்கிறது என்று அளக்காதவரை, ‘மூலிகையின் புற்று எதிர்ப்புத் திறன்’ என்று தலைப்பு வைப்பது தப்பு. ஏற்றிய வெள்ளி கல்லீரலிலேயே போய்ச் சேர்ந்து தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

செய்முறை எளிது: 10 கிராம் இலையை 100 மில்லி வடிநீரில் 10 நிமிடம் காய்ச்சி வடித்து, ஒரு பங்கு சாறுக்கு ஒன்பது பங்கு 1 மில்லிமோலர் வெள்ளி நைட்ரேட். பழுப்பானால், 420 முதல் 450 நானோமீட்டரில் மேடு வரும். பழுப்பாகாமல் வெள்ளையாகத் திரிந்தால் தண்ணீரைப் பாருங்கள். எவ்வளவு சுவையான ஊற்றுத் தண்ணீரிலும் குளோரைடு இருக்கும். அது வெள்ளியை வெள்ளி குளோரைடாகப் பிடித்துவிடும். குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே எடுத்தாலும் இதே கதை.

கருவி வசதி பக்கத்தில் எங்கே?

காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மக்கள் வாயில் ‘செக்ரி’. 1985-ல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகமும் உண்டு. மாதிரி கொடுக்கும்போது துறைத் தலைவர் கடிதத்தோடு, கரைப்பான் என்ன, செறிவு என்ன, எத்தனை நாள் பழையது, நச்சு உண்டா என்று எழுதிக் கொடுங்கள். டிரெஹலோஸ் சேர்த்த பொடியை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொடுத்தால் சர்க்கரைப் படலம்தான் தெரியும். கழுவிய ஈரக் கலங்கலைக் கொடுங்கள்.

எலியில் சோதிக்கவோ காப்புரிமை வாங்கவோ என்ன அனுமதி?

விலங்கு என்றால் நிறுவன விலங்கு நெறிக்குழு அனுமதி முதலில். எலியை வாங்கியபின் அனுமதி கேட்பது நடக்காது. மனிதச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டிப் பதிவு கட்டாயம். நானோ மருந்துகளை மதிப்பிட மத்திய அரசு 2019-ல் தனி வழிகாட்டி நெறி வெளியிட்டிருக்கிறது. ப்ராஜெக்ட் தொடங்கும்போதே படித்துவிடுங்கள். நம் நாட்டுச் செடியை வைத்துக் காப்புரிமை கேட்டால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் முடிக்க வேண்டும். ‘மஞ்சள் புண் ஆற்றும்’ என்று 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்தது செக்ரியின் தாய் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.தான்; வீட்டில் தெரிந்த விஷயம் புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது வாதம்.

செடிப் பொருளை நானோவாக்கிக் கல்லீரல் புற்றுக்கு மருந்து வந்திருக்கிறதா?

கல்லீரல் புற்றுக்கு இல்லை. வேறு புற்றுகளுக்கு வந்திருக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்ட பாக்லிடாக்ஸலை அல்புமின் புரதத்தில் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய மருந்து 2005-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. கேம்ப்டோதெசின் என்ற செடிப் பொருளின் வழிவந்த இரினோடெகனைக் கொழுப்புக் குமிழியில் அடைத்த லிபோசோம் 2015-ல் கணையப் புற்றுக்கு வந்தது.

கல்லீரலில் நானோ தோற்ற கதைகள்தான் அதிகம் கற்றுத்தரும். இங்கே சொல்லும் இரண்டு கதையிலும் மருந்து டாக்சோரூபிசின், அது செடியில் வந்ததும் இல்லை. பார்க்க வேண்டியது மருந்தைச் சுமக்கும் வண்டியை. டாக்சோரூபிசினை ஏற்றிய நானோ துகள், மூன்றாம் கட்டச் சோதனையில் வழக்கமான சிகிச்சையைவிட ஆயுளைக் கூட்டவில்லை என்று 2017-ல் தெரிந்தது. சூட்டில் திறக்கும் லிபோசோமில் அதையே வைத்து, கட்டியைச் சுடும் சிகிச்சையோடு சேர்த்து 701 பேரில் பார்த்ததும் 2013-ல் பலிக்கவில்லை. எலியில் இரண்டும் நன்றாகவே வேலை செய்தவை.

அப்பச்சிக்கு ஈரலில் கட்டி. கடையில் ‘நானோ குர்குமின்’ கேப்சூல் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம், குறைந்தபட்சம், பார்க்கும் டாக்டரிடம் அட்டையைக் காட்டாமல் வேண்டாம்.

அந்த கேப்சூல் உணவுத் துணைப்பொருள். மேலே சொன்ன துகளும் அதுவும் பெயரில்தான் ஒன்று. கல்லீரல் புற்றில் அதைச் சோதித்து அனுமதித்தது கிடையாது. அடுத்தது, மஞ்சள் சப்ளிமென்டே சிலருக்கு ஈரலைக் கெடுக்கிறது. மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க வலைப்பின்னல் பத்து பேரைப் பற்றி எழுதியது: ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை. சோதித்த ஏழு பொருளில் மூன்றில் மிளகுச் சத்தும் இருந்தது. உறிஞ்சும் அளவைக் கூட்டினால் பலனோடு பாதிப்பும் கூடும். பாதி ஈரல் ஏற்கெனவே கெட்டவருக்குத் தாங்க மிச்சம் கொஞ்சம்தான்.

கண், சிறுநீர் மஞ்சளாவது, அரிப்பு, வாந்தி, திடீர்ச் சோர்வு தெரிந்தால் கேப்சூலை நிறுத்திவிட்டு அன்றே போய் ஈரல் பரிசோதனை எடுங்கள். ‘மஞ்சள் சாப்பிட்டதால் மஞ்சளாகத் தெரிகிறது’ என்று இருந்துவிடக் கூடாது.

சமையல் மஞ்சள் பற்றிக் கவலை வேண்டாம். எப்போதும் போலப் போடுங்கள்.

நாட்டு மருந்து சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டினாலும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் புட்டியை, பொடிப் பொட்டலத்தை அப்படியே எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஈரல் என்சைம் ஏறினால், புற்றால் ஏறியதா, சோராஃபெனிபால் ஏறியதா, பொடியால் ஏறியதா என்று தெரியாமல் நல்ல மருந்தைக் குறைக்க நேரும். அறுவைக்கோ கட்டிக்குள் ஊசி போடும் சிகிச்சைக்கோ நாள் குறித்திருந்தால், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இன்றைக்குக் கல்லீரல் புற்றுக்குப் பலன் தெரிந்த வழிகள்: வெட்டி எடுத்தல், மாற்றுக் கல்லீரல், கட்டியைச் சுட்டு அழித்தல், கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி அடைத்தல், 2007 முதல் சோராஃபெனிப், 2020 முதல் அட்டெஸோலிசுமாப்-பெவசிசுமாப் ஊசி. எது பொருந்தும் என்பது கட்டியின் அளவையும் மிச்ச ஈரலின் பலத்தையும் பொறுத்தது. ‘முதலில் மூன்று மாதம் மூலிகை, அப்புறம் ஆஸ்பத்திரி’ என்று தள்ளும்போது முதல் மூன்று வழிகளும் கைநழுவிப் போகலாம்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் உடன்பிறந்தார், மனைவி, மக்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி: 0, 1, 6 மாதங்களில் மூன்று. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. சிரோசிஸ் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் ஏறக்கூடிய புரதம்) ரத்தப் பரிசோதனை. குடியை நிறுத்துவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்கள் ஈரல் கொழுப்பையும் பார்க்க வேண்டும்.

நிலக்கடலையைக் கவனியுங்கள். ஈரம் ஏறிய கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்ளாடாக்சினை உண்டாக்கும்; கல்லீரல் புற்றுக்கு அது நேரடிக் காரணிகளில் ஒன்று, ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து பலமடங்கு. வறுத்தால் முழுக்கப் போகாது. சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். செக்குக்குக் கொடுக்கும் மூட்டையிலும் அப்படியே. பட்டாலையில் வைப்பதாக இருந்தால் தரையில் சாய்க்காமல் பலகை போட்டு அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை வெயிலில் காயவையுங்கள்.